ஹாய்ட் ஸ்ட்ரிக்லின் பிஸ்காவில் இல்லை

நாற்பத்தொன்பது வருஷம் நான் செத்தவர்களைப் பற்றி எழுதிப் பிழைத்தவள். ஹேலி கவுண்டி பேனர் என்ற வாரப் பத்திரிகை, மூன்றாம் பக்கம், இடது பத்தி. எங்கள் கவுண்டியில், அதாவது மாவட்டத்தில், யார் கண்ணை மூடினாலும் அவர் பிறந்த தேதி, பிடித்த பாட்டு, யார் சவப்பெட்டியைத் தூக்கினார்கள், எங்கே புதைத்தார்கள் எல்லாம் என் தட்டச்சு வழியாகத்தான் ஊருக்குப் போகும். கறுப்பர் வீட்டுச் சாவை மட்டும் அந்தக் காலத்தில் முதலாளி போட விடமாட்டார். நானும் வாயை மூடிக்கொண்டிருந்தேன், அது தனிப் பாவம். இப்போது நான் சொல்ல வந்தது வேறு ஒரு பாவம். அதன் பெயர் வெர்டி ஸ்ட்ரிக்லின்.

வெர்டியைத் தெரியாதவர்கள் யாரும் இங்கே இல்லை, தெரிந்துவைத்து என்ன பிரயோஜனம் என்று கேட்காதவர்களும் இல்லை. மட்லிக் ஓடைக்கு அந்தப் பக்கம், குத்தகைக்காரர் வீட்டில் பிறந்தவள். பதினாறு வயதில் ஆர்வில் ஸ்ட்ரிக்லினைக் கட்டினாள். ஆர்வில் மர அறுவை ஆலையில் வேலை செய்தான், அங்கேயே ஒரு மரம் உருண்டு செத்தான். அதற்குப் பிறகு முப்பத்தொரு வருஷம் சட்டைத் தொழிற்சாலையில் காலர் தைத்தாள். காலர் மட்டும்தான். "ஒரு முழுச் சட்டை எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாது மிஸ் ஒலீட்டா. கழுத்து வரைக்கும்தான் எனக்கு ஆம்பளைங்களைத் தெரியும்" என்று சொல்லிவிட்டு வாயில் புகையிலைப் பொடியை அடக்கிக்கொண்டு சிரிப்பாள். தேவாலயத்தில் அவள் பாடினால் முன்வரிசை திரும்பிப் பார்க்கும். அதற்காக ஒரு நாளும் குரலைக் குறைத்துக்கொண்டதில்லை.

அவளுக்கு ஒரே பிள்ளை, ஹாய்ட். நாலு வயது. 1948 மார்ச் மாதம், மூன்று நாள் காய்ச்சல், தொண்டை அடைத்துப் போய்விட்டான்.

இங்கே எங்கள் பத்திரிகை வேலையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பேனர் வியாழன் தேதி போட்டு வரும், வெள்ளிக்கிழமைதான் எல்லார் கையிலும் கிடைக்கும். ஆனால் புதன் மூன்று மணிக்கே பக்கத்தைப் பூட்டிவிடுவோம், அதற்குப் பிறகு ஒரு எழுத்தும் மாற்ற முடியாது. அதனால் வியாழக்கிழமை அடக்கம் என்றால், புதனே நடந்து முடிந்ததாக எழுதிவிடுவேன். அடக்கம் செய்யப்பட்டது, பெருந்திரளானோர் கலந்துகொண்டனர், மலர்கள் கண்ணைக் கவர்ந்தன, இப்படி. எல்லாரும் அப்படித்தான் எழுதினோம். எப்போதும் சரியாகத்தான் போனது. பெட்டிக்குள் இருப்பவர் எழுந்து நான் வரமாட்டேன் என்றா சொல்லப்போகிறார்?

செவ்வாய்க்கிழமை ஆர்வில் பாலம் கடந்து டவுனுக்கு வந்து, பெட்டிக்குக் கைப்பிடியும் உள்ளே விரிக்க வெள்ளைத் துணியும் வாங்கிப் போனான். அடக்க ஏற்பாட்டுக்காரர் எனக்குப் போன் செய்தார். வியாழன் இரண்டு மணி, பிஸ்கா தேவாலயத்துக் கல்லறை. அந்தத் தேவாலயம் இருப்பது ஓடைக்கு இந்தப் பக்கம், டவுன் பக்கம். புதன் காலை தேவாலயத்து ஆண்கள் குழி வெட்டினார்கள், ஏற்பாட்டுக்காரர் ஆள் பெயர் எழுதிய தகரப் பலகையைக் கொண்டுவந்து தலைமாட்டில் நட்டுவிட்டுப் போனான். நான் என் பத்து வரியை எழுதினேன். பெருந்திரள், மலர், எல்லாம் போட்டேன். மூன்று மணிக்குப் பக்கம் பூட்டியாகிவிட்டது.

அன்று சாயந்தரம் வானம் பொத்துக்கொண்டது. மட்லிக் ஓடை பாலத்தை அடியோடு பிடுங்கிக்கொண்டு போய்விட்டது.

வியாழன் போனது, தண்ணீர் இறங்கவில்லை. வீட்டுக்குள் மூன்று நாளாகப் பிள்ளை கிடக்கிறான். வெள்ளிக்கிழமை ஆர்வில் நில உரிமையாளர் ஹார்விக்கிடம் போய் நின்றான். "பின்னாடி மேட்டுல, தேவதாரு மரத்தடியில வெச்சுக்கோப்பா. எவனும் தொடமாட்டான்" என்றார் கிழவர். நல்ல மனுஷன். ஆனால் அவர் வாயோடு சரி, காகிதத்தில் ஒரு எழுத்து எழுதிக் கொடுக்கவில்லை. போதகர் அக்கரையில் மாட்டிக்கொண்டார். ஆர்வில், வெர்டி, ஆர்வில் அம்மா, ஹார்விக். நாலே பேர். வெர்டி பாடினாள்.

இரண்டு வாரம் கழித்து ஓடைக்குக் குறுக்கே ஒரு மரத்தைப் போட்டார்கள். அதில் நடந்து, ஏழு மைல் தள்ளி இருக்கும் பேனர் அலுவலகத்துக்கு வெர்டி வந்தாள். அவளுக்கு இருபத்தொரு வயது, எனக்கு இருபத்துநாலு. பத்திரிகைத் துண்டை நாலாக மடித்து ஏப்ரன் பையில் வைத்திருந்தாள்.

"மேடம், இதுல எம்புள்ள பிஸ்காவுல இருக்கான்னு போட்டிருக்கு. அங்க இல்ல அவன். கூட்டம் வந்துச்சுன்னு போட்டிருக்கு. யாரும் வரல."

"அது எல்லாருக்கும் போடறதும்மா."

"மாத்திப் போடறீங்களா?"

எங்கள் முதலாளிக்குத் திருத்தம் என்றாலே அலர்ஜி. ஒருத்திக்குப் போட்டால் நாளைக்கு ஊரில் உள்ள விதவையெல்லாம் வாசலில் நிற்பாள் என்பார். அவர் மேல் பழியைப் போட்டுத் தப்பிக்க நான் தயாராக இல்லை. அவரை நான் கேட்கவே இல்லை. எனக்கே பிடிக்கவில்லை, அதுதான் விஷயம். என் பத்தியில் தப்பு வந்தது என்று ஊர் சொல்லக் கூடாது.

"அச்சானது அச்சானதுதான் வெர்டி. உனக்குத் தெரியும், கடவுளுக்குத் தெரியும். அப்புறம் யாருக்குத் தெரிஞ்சு என்ன ஆகப்போகுது?" என்றேன்.

அவள் துண்டை மறுபடி நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். "தேங்க் யூ மேடம்" என்று சொல்லிவிட்டு ஏழு மைல் திரும்பி நடந்தாள். தேங்க் யூ சொன்னாள் பாருங்கள், அது இன்றைக்கும் எனக்குச் சோறு இறங்க விடுவதில்லை.

தண்ணீர் வடிந்ததும் பிஸ்கா ஆண்கள் வெற்றுக் குழியை மூடி, மேலே மண்ணைக் குவித்தார்கள். குழந்தைக்கு வெட்டிய குழியைத் திறந்துபோட மனசு வராதல்லவா. தகரப் பலகையைப் பிடுங்கவும் யாருக்கும் கை வரவில்லை. மே மாதம் அலங்கார ஞாயிறு வந்தது. அன்றைக்கு தேவாலயத்துப் பெண்கள் எல்லாக் கல்லறையிலும் புல் செதுக்கி, மெழுகில் தோய்த்த காகிதப் பூ வைப்பார்கள். பலகை இருந்தது, அதற்கும் வைத்தார்கள். அடுத்த வருஷமும் வைத்தார்கள். விவரம் தெரிந்தவர்கள் ஒவ்வொருவராகச் செத்தார்கள், அவர்களைப் பற்றியும் நான் எழுதினேன். வெர்டி வருஷா வருஷம் அந்த ஞாயிறு வந்து ஓரமாக நிற்பாள். பூ வைக்கும் பெண்ணிடம், "அங்க யாருமில்லம்மா" என்று எப்படிச் சொல்வது? கும்பிடாத குறையாக நன்றி சொல்வாள். பிறகு வீட்டுக்குப் போய், மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மேட்டுக்கு ஏறுவாள். அங்கே புல்லைச் செதுக்கி, ஓடையில் பொறுக்கிய வெள்ளைச் சிப்பிகளைச் சுற்றி அடுக்குவாள்.

ஹார்விக் போய்ச் சேர்ந்தார். அவர் பிள்ளைகள் நிலத்தைக் காகித ஆலைக்கு விற்றார்கள். ஆலைக்காரர்கள் மேடு முழுக்க பைன் மரம் நட்டார்கள், தேவதாரு போனது, சிப்பிகள் டிராக்டர் சக்கரத்தில் போயின. வெர்டிக்குக் கவலையில்லை. அவளுடைய பழைய வீடு போனாலும் அதன் புகைபோக்கி மட்டும் நின்றுகொண்டிருந்தது. அதிலிருந்து நூற்று நாற்பது அடி எடுத்து வைத்தால் ஹாய்ட். அப்படித்தான் ஐம்பது வருஷம் போய்வந்தாள்.

1997 வசந்தத்தில் மணல் கம்பெனி வந்தது. காகித ஆலையிடமிருந்து மேட்டை வாங்கி, பைனை வெட்டி, முதல் வேலையாக அந்தப் புகைபோக்கியைத் தள்ளினார்கள். வெர்டி அன்றே என் வீட்டு வாசலில் நின்றாள். எழுபது வயது, நெஞ்சில் தொழிற்சாலைப் பஞ்சுத்தூசி, படி ஏறி வருவதற்குள் மூச்சு மேலும் கீழும் வாங்கியது.

"மிஸ் ஒலீட்டா, அவனைத் தோண்டப் போறாங்க."

கல்லறை இருக்கிறது என்று நிரூபித்தால் சட்டப்படி அந்த இடத்தைத் தொடக் கூடாது. நிரூபிக்க கவுண்டி வாரியத்திடம் போக வேண்டும். இரண்டு பேரும் போனோம். திங்கள் காலை, நீதிமன்றக் கட்டடம். வெர்டி தேவாலயத்துக்குப் போடும் நீல உடுப்பைப் போட்டிருந்தாள். வாரியத் தலைவர் வெண்டல் டிட்மோர், அவன் பிறந்த செய்தியை பேனரில் எழுதியதே நான்தான், இப்போது தலை நரைத்து மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தான்.

"எம்புள்ள அங்க இருக்கான் சார்" என்றாள் வெர்டி. "மணலெல்லாம் அள்ளிக்கோங்க. ஒரு கட்டில் போடற இடம், அவ்வளவுதான், அதை மட்டும் விட்டுடுங்க."

கம்பெனி வக்கீல் மரியாதையான ஆள், அதுதான் எரிச்சல். தடிமனான ஒரு புத்தகத்தை எடுத்தார்.  நூலகத்துப் பெண்கள் பேனரின் பழைய சாவுச் செய்திகளையெல்லாம் தொகுத்துப் போட்ட புத்தகம் அது. வம்சாவளி தேடி வருகிறவர்களுக்கு அது வேதம் மாதிரி. முன்னுரை யார்? வேறு யார், நான்தான்.

வக்கீல் படித்தார். "சிறுவன் ஹாய்ட் ஸ்ட்ரிக்லின் வியாழன் பிற்பகல் இரண்டு மணிக்கு பிஸ்கா கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டான். பெருந்திரளானோர் கலந்துகொண்டனர்."

நான் எழுந்தேன்.  "அது பொய். எழுதினவ நான்தான். நடக்கறதுக்கு முந்தின நாளே எழுதினேன். இந்தப் பொண்ணு வந்து மாத்தச் சொல்லிக் கேட்டா. முடியாதுன்னு துரத்தினேன்."

பின்னால் யாரோ சிரித்தார்கள். வக்கீல் பக்கத்தைத் திருப்பினார். "இங்க முன்னுரையில, 'இதில் உள்ள ஒவ்வொரு வரியும் உண்மை'ன்னு இருக்கே. இது உங்க கையெழுத்துதானேம்மா?"

"என்னுதுதான்."

"அப்ப வேற எதெல்லாம் பொய்?"

நான் பதில் சொல்வதற்குள் வெண்டல் முன்னால் சாய்ந்தான். அவன் முகம் மாறியிருந்தது. "மிஸ் ஒலீட்டா, எங்கப்பா சாவையும் நீங்கதான் எழுதினீங்க. தூக்கத்துல நிம்மதியா போயிட்டாருன்னு. எங்கம்மா அதைக் கண்ணாடி போட்டு மாட்டி வெச்சிருந்தாங்க. அதுவும் பொய்யா?"

அவன் அப்பா குடித்துவிட்டு, வேறொருத்தி வீட்டுக் கொல்லையில், குளிர்காலத்தில் விறைத்துக் கிடந்தார். எனக்குத் தெரியும். செத்துப்போன ஷெரிஃபுக்குத் தெரியும். வெண்டலுக்கு அப்போது எட்டு வயது. அறை முழுக்க அவனையே பார்த்துக்கொண்டிருந்தது. 'ஆமாம் வெண்டல், பொய்தான்' என்று சொல்லியிருந்தால் ஹாய்ட் விஷயத்திலும் என்னை நம்பியிருப்பார்கள், வெர்டி பிழைத்திருப்பாள்.

"இல்லப்பா" என்றேன். "அது உண்மைதான்."

"அப்ப பேப்பர் உண்மைதானே" என்றான் வெண்டல். பேச்சில் நிம்மதி தெரிந்தது. "நானே சின்ன வயசுல பிஸ்காவுல அந்தப் பலகைக்குப் பூ வெச்சிருக்கேன்."

எத்தனை கேவலமானவள் நான்! உட்கார்ந்தபோது வெர்டி என் கையைத் தட்டிக் கொடுத்தாள். "பரவால்ல. அவனுக்கு அப்பான்னு மிச்சம் அந்தப் பேப்பர் துண்டு மட்டும்தான்" என்று மெதுவாகச் சொன்னாள். அவளுக்கும் தெரிந்திருக்கிறது. ஊர் முழுக்கத் தெரிந்ததை ஊர் முழுக்க மறைத்து வைக்கிற ஊர் இது.

பிஸ்கா குழியைத் தோண்டிப் பாருங்கள், காலியாக இருக்கும் என்று தேவாலயத்துக்காரர்களிடம் கெஞ்சினேன். "குழந்தை கல்லறையைத் தோண்டறதா? புத்தி கித்தி கெட்டுப் போச்சா உங்களுக்கு?" என்று கதவைச் சாத்தினார்கள். வெண்டல் மனசு கேட்காமல், மேட்டில் தோண்டிப் பார்க்க ஒரு நாள் கொடுத்தான். வெர்டி இடம் காட்ட வேண்டும். எங்கிருந்து அடி வைப்பது? புகைபோக்கி இல்லை. பைன் இல்லை. மேட்டின் தலையையே சீவிவிட்டிருந்தார்கள். அவள் ஒரு இடத்தில் நின்று, கண்ணை மூடி, உதட்டை அசைத்து எண்ணியபடி நடந்தாள். எழுபது வயதுக் கால், மூச்சுக்கு நின்று நின்று வைத்த அடி. அங்கே தோண்டினார்கள். இன்னும் இரண்டு இடத்தில் தோண்டினார்கள். செம்மண், செம்மண், செம்மண். இந்த மண்ணில் ஐம்பது வருஷத்தில் சின்னப் பிள்ளை எலும்புகூட மிஞ்சாது என்று தோண்டியவனே தொப்பியைக் கழற்றிக்கொண்டு சொன்னான். வெர்டி குழிக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டே, "ஹாய்ட்" என்று கூப்பிட்டாள். சாப்பிடக் கூப்பிடுவது போலத்தான் கூப்பிட்டாள். நான் அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன்.

அதற்குப் பிறகு அவள் படுக்கையை விட்டு எழவில்லை. நான் தினமும் சோளரொட்டியும் டர்னிப் கீரையும் எடுத்துப் போவேன், அப்படியே திரும்பும். ஒரு நாள், "மேட்டுல கொஞ்சம் மண்ணு எடுத்துட்டு வரட்டுமா? டப்பாவுல போட்டு பக்கத்துல வெச்சுக்கோ" என்றேன்.

"மண்ணை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்ண? எம்புள்ள என்ன மண்ணா?" என்று சீறினாள். அவ்வளவு கோபமாக நான் அவளைப் பார்த்ததில்லை. பிறகு மூச்சு வாங்கி, "எனக்கு நீங்களே எழுதுங்க மிஸ் ஒலீட்டா. அவன் பக்கத்துல கொண்டுபோய் என்னை வைங்க. இந்தத் தடவை ஒழுங்கா எழுதுங்க" என்றாள்.

"எழுதறேன்டி. சத்தியமா எழுதறேன்."

திங்கள்கிழமை இயந்திரங்கள் மேட்டின் கீழ்ச்சரிவில் வேலையைத் தொடங்கின. செவ்வாய் விடிந்ததும் வெர்டி போய்விட்டாள்.

நான் நேராக வெண்டல் வீட்டுக்குப் போய், சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, அவளை மகன் பக்கத்தில் வைக்க விடு என்று கத்தினேன்.  அவன் கம்பெனி மேலாளரிடம் பேசுவதாகச் சொன்னான். மேல்முனையை இன்னும் தொடவில்லை, ஒரு கிழவியை அங்கே புதைக்க விட்டால் அவர்களுக்கு என்ன குறைந்துவிடும், வியாழனுக்குள் முடித்துத் தருகிறேன் மிஸ் ஒலீட்டா, என் வார்த்தை என்றான். நம்பினேன். வேறென்ன செய்ய முடியும், புதன் மூன்று மணிக்குப் பக்கம் பூட்டுகிறார்கள்.

எழுதினேன். வெர்டி ஸ்ட்ரிக்லின், வயது எழுபது, மட்லிக் ஓடையைச் சேர்ந்தவர், முப்பத்தொரு வருஷம் காலர் தைத்தவர், சத்தமாகப் பாடியவர். வியாழன் பிற்பகல் இரண்டு மணிக்கு, பழைய ஹார்விக் நிலத்து மேட்டில், தன் மகன் ஹாய்ட்டின் அருகில் அடக்கம் செய்யப்பட்டார். ஹாய்ட் 1948 மார்ச் முதல் அங்கேதான் இருக்கிறான், இந்தப் பத்திரிகை அன்று எழுதியது தவறு. கூட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை போடவில்லை. பேனரின் இப்போதைய ஆசிரியை டானா, முப்பது வயதுப் பெண், ஒரு எழுத்தும் மாற்றாமல் போட்டாள்.

வியாழன் இரண்டு மணிக்கு அமரர் ஊர்தி கம்பெனி வாசலில் நின்றது. கதவில் சங்கிலி. காவலாளி உள்ளே போய்ப் போன் செய்துவிட்டு வந்து, அனுமதி இல்லை என்றான். வெண்டல் அவனிடம் போய்ப் பேசினான், பிறகு தலைமை அலுவலகத்துக்குப் பேசினான், பிறகு என் முகத்தைப் பார்க்காமல் காரில் போய் உட்கார்ந்தான். உள்ளே மேட்டின் மேல்முனையில் மஞ்சள் இயந்திரம் ஒன்று ஏறி நின்றுகொண்டிருந்தது. புதனே ஆரம்பித்துவிட்டார்களாம். நாங்கள் வண்டியைத் திருப்பினோம். பிஸ்காவில், தகரப் பலகைக்குப் பக்கத்தில், காலிக் குழிக்குப் பக்கத்தில் அவளை இறக்கினோம். போதகர், வெண்டல், டானா, நான். நாலு பேர். யாருக்கும் பாட வரவில்லை.

மறுநாள் டானா போன் செய்தாள்.

"மிஸ் ஒலீட்டா, இந்த வாரம் போட்ட செய்தி தப்பாயிடுச்சே. அவங்களை பிஸ்காவுலதானே வெச்சோம். அடுத்த வாரம் ஒரு திருத்தம் போட்டுடட்டுமா?"

"வேண்டாம்."

"இல்ல மேடம், நாளைக்கு யாராவது தேடி வந்தா—"

"அச்சானது அச்சானதுதான் டானா."

"ஆனா அது உண்மை இல்லையே."

"இல்லதான். அந்தக் காகிதத்துல மட்டும்தான் அவளும் அவனும் பக்கத்துல பக்கத்துல இருக்காங்க" என்றேன். "அங்கிருந்தும் அவங்களைத் தோண்டி எடுக்கச் சொல்றியா என்னை?"